வெளியிலிருந்து வந்த பத்திரிகை

தம்பி, அதைத் தொடாதீங்க. கையை எடுங்க முதல்ல.

அடுத்தவன் போனை எட்டிப் பாக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. பஸ்ல பக்கத்துல உக்காந்தா கண்ணுல படத்தான செய்யுது. கல்யாணப் பத்திரிகைனு போட்டு வந்திருக்கு, நீங்க பாட்டுக்கு இன்ஸ்டால்ல கை வைக்கப் போறீங்க. பேரோட கடைசியைப் பாருங்க. ஏபிகேனு இருக்கா? அப்ப அது பத்திரிகை இல்ல. படம்னா ஜேபிஜினு முடியும். எழுத்தா வர்ற மேட்டர்னா பிடிஎஃப்னு முடியும். ஏபிகேனு முடிஞ்சா அது ஆப். ப்ளே ஸ்டோர் வழியா வராம வெளியில இருந்து நேரா வர்ற ஆப். யாரு அனுப்பினது? கூடப் படிச்ச பையனா? அப்ப ஒரு போன் போட்டு, நீதான் அனுப்பினியானு கேளுங்க. இப்பவே கேளுங்க.

எடுக்கலையா? சரி, அப்புறம் கேட்டுக்கிடலாம். அதுவரைக்கும் அது அங்கயே கிடக்கட்டும்.

இதுல எனக்கு அனுபவம் உண்டு, அதான் சொல்றேன். என் பேரு தங்கப்பழம். சிவகாசியில கல்யாண கார்டு அடிக்கிற பிரஸ்ல ப்ரூஃப் பாக்குறேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மேட்டர்ல தப்பு இருக்கானு பாக்குற வேலை. மாப்பிள்ளை இனிஷியல், தாய்மாமன் பேரு, முகூர்த்த நேரம், மண்டபத்துப் பேரு. ஒரு இனிஷியல் மாறினா போதும், கல்யாண வீட்டுல சண்டை வந்துரும். இப்ப புது சாம்பிள் ஆல்பம் எடுத்துக்கிட்டு மதுரை ஏஜென்டைப் பாக்கப் போறேன். மேல இருக்குல்ல, அந்தப் பைதான். கொஞ்சம் பாத்துக்கிடுங்க, பிரேக் போட்டா சரிஞ்சு விழும்.

எங்க முதலாளி போன்லயே இது நடந்துச்சு. பிரஸ்ல எல்லாமே வாட்ஸப்தான். கார்டு அடிக்க வர்ற பார்ட்டி மேட்டர் அனுப்புறது, போட்டோ அனுப்புறது, நாங்க ப்ரூஃப் அனுப்புறது. ஒருநாள் இதே மாதிரி பத்திரிகைனு ஒரு ஃபைல். மனுசன் பார்ட்டி மேட்டர்தான்னு நினைச்சு தட்டிட்டாரு. அது கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமானு குடுத்துட்டாரு. மெசேஜ் படிக்கலாமா, ஆமா. நம்பரெல்லாம் பாக்கலாமா, ஆமா. பேங்க்ல இருந்ததைத் துடைச்சு எடுத்துட்டாங்க. அது கூடப் பரவாயில்ல தம்பி. அவரு போன்ல இருந்த அத்தனை பார்ட்டிக்கும் அதே ஃபைல் அவரு பேர்ல போயிடுச்சு. பத்திரிகை அடிக்கிற ஆபீஸ்ல இருந்தே பத்திரிகைனு வந்தா எவன் சந்தேகப்படுவான்? ஊர்ல பாதிப் பேரு தட்டிட்டான்.

அதுக்கப்புறம்தான் நான் இதுல இறங்கினேன். படிச்சேன், நாலு பேருகிட்ட விசாரிச்சேன், போலீஸ்காரங்க மண்டபத்துல கூட்டம் போட்டப்ப முதல் வரிசையில போய் உக்காந்தேன். பிரஸ்ல கை கழுவுற இடத்துக்கு மேல போர்டு எழுதி மாட்டினேன். வெளியில இருந்து ஆப் போடவே கூடாதுனு இல்ல. போடலாம். அதுக்கு ஒரு முறை இருக்கு. அனுப்பினவங்களைக் கூப்பிட்டுக் கேக்கணும். ஃபைலைச் சோதிக்கணும். அது என்னென்ன அனுமதி கேக்குதுனு பாக்கணும். அவ்வளவும் சரினாத்தான் போடணும். என்னை ஏபிகே அண்ணாச்சினே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறாங்க.

எனக்கு ஒரே பொண்ணு. ஹேமப்பிரியா. கோயம்புத்தூர்ல ஆப் செய்யிற கம்பெனியில வேலை. கல்யாணம் ஆயிடுச்சு, ஆவணியில. நல்லபடியா நடந்துச்சாம்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? ஆமா, நான் போகல.

நான் தடுத்தேன்னு நினைக்காதீங்க. ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லல. என் வீட்டுக்காரி காளீஸ்வரியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா. பொண்ணு லீவுல வந்தப்ப சொன்னா. கூட வேலை பாக்குற பையன், விமல்தாஸ்னு பேரு, வேற ஆளுங்க. நான் டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். "உன் இஷ்டம்மா"னு சொன்னேன். சத்தம் போட்டேனா, சாப்பிடாம இருந்தேனா, ஒண்ணும் இல்ல. அவன் யாரு என்னனு நமக்குத் தெரியாதேனு மட்டும் சொன்னேன். தெரியாததைத் தெரியாதுனுதான சொல்ல முடியும்? அவனைக் கூட்டிட்டு வரட்டுமானு கேட்டா. இப்ப எதுக்கு, வேலையெல்லாம் முடியட்டும்னு சொன்னேன்.

அப்புறம் பத்திரிகை மேட்டரை அவளே டைப் பண்ணி எடுத்துட்டு வந்தா. "அப்பா, இதை நீங்கதான் அடிச்சுத் தரணும்"னா. வாங்கி வச்சேன். ஆவணி முகூர்த்தத்துக்கு மிஷின் ஓயாது தம்பி, உங்களுக்குத் தெரியாது. வெளி ஆர்டர் வரிசையா நிக்குறப்ப சொந்த வேலையை நடுவுல நுழைக்கிறது முறையா? ஆனா ப்ரூஃப் பாத்தேன். தப்பு ஒண்ணும் இல்ல. என் பிள்ளையாச்சே, எப்படி இருக்கும். பாத்துட்டு டிராயர்ல வச்சேன். முதலாளி கூடக் கேட்டாரு, "பழம், உன் வீட்டுப் பத்திரிகையை ஒரு மத்தியானம் மிஷினை நிப்பாட்டிப் போட்டுருவோமா"னு. வேணாம்னுட்டேன். அவ போன் பண்ணிக் கேப்பா, வரிசையில இருக்கும்மானு சொல்லுவேன். பிறகு கேக்குறதை விட்டுட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது.

அந்த ஷட்டரை இறக்கி விடுங்க, சாரல் அடிக்குது. ம், போதும்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் போன்ல ஒரு ஃபைல் வந்து நிக்குது. அவ நம்பர்ல இருந்து. பத்திரிகைனு பேரு, கடைசில ஏபிகே. கார்டு அடிக்கலைங்கறதால அவளே பத்திரிகையை ஒரு ஆப்பா செஞ்சுட்டா. ஒரு கல்யாணத்துக்காக அதை ஸ்டோர்ல எல்லாம் ஏத்த முடியாது, அதுக்கு நாளாகும், அதனால நேரா அனுப்புறா. நான் என்ன செய்யணும் சொல்லுங்க? ஊருக்கெல்லாம் தொடாதீங்கனு போர்டு மாட்டுனவன். என் பொண்ணு நம்பர்ல இருந்து வந்தா மட்டும் அது ஏபிகே இல்லாமப் போயிடுமா? நம்பரைத் திருடி அனுப்புறதுதான இவனுங்க வேலையே.

நான் அப்படித்தான் யோசிப்பேன்னு அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரத்துல அவங்க அம்மாவுக்குப் போன் வந்துச்சு. அந்த ஃபைலுக்குனு ஒரு நீள எண் உண்டு தம்பி, எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு முழத்துக்கு வரும். ஃபைல்ல எவனாவது ஒரு புள்ளியை மாத்தினாலும் அந்த எண் மொத்தமா மாறிப்போயிடும். அந்த எண்ணை அவ போன்ல ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, காளீஸ்வரி காலண்டர் தாள் பின்னால எழுதினா. ஃபைல் ஒரு வழியில வந்தா எண் இன்னொரு வழியில வரணும். அதுதான் முறை. சரியாச் செஞ்சா, குறை சொல்ல முடியாது.

மறுநாள் பிரஸ்ல டிசைனர் நாகஜோதிகிட்ட ஃபைலைக் குடுத்து கம்ப்யூட்டர்ல எண்ணை எடுக்கச் சொன்னேன். பிரின்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நான் வாசிக்க, காளீஸ்வரி காலண்டர் தாளை வச்சுப் பாத்துக்கிட்டே வந்தா. அளவுகோலைக் கீழ வச்சு, முதல்ல இருந்து ஒரு தடவை, கடைசியில இருந்து ஒரு தடவை. அவ அதுக்கு முன்னாடி ப்ரூஃப் பாத்ததே கிடையாது, ஆனா அழகாப் பாத்தா. ஒரு எழுத்து தப்பு இல்ல. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சரியா இருக்குல்ல, போடுங்க"னா.

எப்படிப் போட? எண் சரியா இருந்தா, அனுப்பினவங்க அனுப்பின ஃபைல்தான் வந்திருக்குனு அர்த்தம். அவ்வளவுதான். அனுமதி என்னென்ன கேக்குதுனு பாக்க வேணாமா? நாகஜோதி அதையும் பாத்துச் சொல்லியிருந்தா. மெசேஜ் கேக்கல, நம்பர் கேக்கல, ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. மைக். பத்திரிகைக்கு எதுக்கு தம்பி மைக்? வாசிக்கிறதுக்குத்தான பத்திரிகை? வீட்டுல பேசுறதை ஒட்டுக் கேக்குறவன்தான் மைக் கேப்பான். நாகஜோதி சொன்னா, "வாழ்த்து சொல்றதுக்கா இருக்கும் அண்ணாச்சி"னு. எதைக் கேட்டாலும் இப்படி ஒரு காரணம் வச்சிருக்கத்தான் செய்வாங்க.

அன்னைக்குக் காளீஸ்வரி சொன்னா, "போன் போட்டு அவகிட்டயே கேளுங்களேன், எதுக்கு மைக்குனு." நான் சொன்னேன், இப்பல்லாம் குரலையே கம்ப்யூட்டர்ல செஞ்சுடுறாங்க, போன்ல பேசுறது நம்ம பிள்ளைதான்னு எப்படி நம்புறது? சொல்றது உண்மைதான? பேப்பர்லயே போட்டிருந்தான். அதுக்கு அவ, "பையனைத் தெரியாதுன்னீங்க. ஃபைலைத் தெரியாதுன்னீங்க. இப்ப குரலைத் தெரியாதுங்கறீங்க. உங்களுக்கு அவளையாவது தெரியுமா?"னு கேட்டா. கேட்டுட்டுக் காலண்டர் தாளை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால வச்சா. நான் பாதுகாப்பைப் பத்திப் பேசுறேன், அவ வேற எதையோ பேசுறா.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காளீஸ்வரி தன் அண்ணன் கூடக் கிளம்பிப் போனா. "வர்றீங்களா"னு வாசல்ல நின்னு கேட்டா. எனக்கு இன்னும் பத்திரிகை வரலையேனு சொன்னேன். தமாசுக்குத்தான் சொன்னேன். அவ சிரிக்கல.

கல்யாணத்தன்னைக்கு நான் வேலைக்குப் போனேன். பிரஸ் பூட்டிக் கிடக்கு. வாட்ச்மேன் சொல்றாரு, "முதலாளி வேன் பிடிச்சு எல்லாரையும் கூட்டிட்டுப் போயிருக்காரு அண்ணாச்சி, உங்க வீட்டுக் கல்யாணத்துக்குத்தான். நீங்க முன்னாடியே போயிருப்பீங்கன்னாங்க." பொண்ணு அவங்களுக்கும் அனுப்பியிருக்கா, அவங்க எல்லாரு போன்லயும் அந்த ஆப் இருந்திருக்கு. இதைக் கேளுங்க, திரும்பி வந்தப்புறம் நாகஜோதிகிட்ட சண்டைக்குப் போனேன். போர்டு மாட்டி வச்சிருக்கேன், எவனும் கேக்காம எப்படிப் போட்டீங்கனு. அவ சொல்றா, "நீங்கதான அண்ணாச்சி எண்ணை ரெண்டு தடவை ப்ரூஃப் பாத்துட்டேன், சரியா இருக்குனு இங்க வந்து சொன்னீங்க. அதை நம்பித்தான எல்லாரும் போட்டோம்."

காளீஸ்வரி வந்தா. அடுப்பு பத்த வைக்கிறா, சாப்பாடு போடுறா. தண்ணி வந்துச்சானு கேட்டா வந்துச்சுங்கறா. கல்யாணத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. எனக்கும் ஒண்ணும் தோணல தம்பி. வருத்தமா இருக்கும்னு எதிர்பாத்தேன். பல்லு பிடுங்குறப்ப ஊசி போடுவாங்கல்ல, கன்னத்தைத் தொட்டா அடுத்தவன் கன்னம் மாதிரி இருக்கும். அப்படித்தான் இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு.

பிறகு போன வாரம், சும்மாதான் இருக்கோம், முறைப்படி அதைப் போட்டுத்தான் பாப்போமேனு தோணுச்சு. பீரோவுல பழைய போன் ஒண்ணு கிடந்துச்சு. சிம் கிடையாது, நெட் கிடையாது, பேங்க் சமாச்சாரம் ஒண்ணும் கிடையாது. சோதிச்சுப் பாக்கணும்னா அப்படிப்பட்ட போன்லதான் போட்டுப் பாக்கணும். உள்ள இருந்ததை எல்லாம் அழிச்சேன். வயர் போட்டு ஃபைலை மாத்தினேன். வெளியில இருந்து ஆப் போட ஒரு அனுமதி குடுக்கணும், செட்டிங்ஸ்ல இருக்கும். குடுத்தேன். போட்டேன். போட்டு முடிஞ்ச உடனே அந்த அனுமதியைத் திரும்ப அணைச்சேன். நிறையப் பேரு அதை மறந்துடுவாங்க. நீங்க எப்பவாவது போட்டா அதை மட்டும் மறக்காதீங்க.

திறந்தா, முதல்ல பேரு கேட்டுச்சு. தங்கப்பழம்னு அடிச்சேன். பத்திரிகை வந்துச்சு. நான் டிராயர்ல வச்சேனே, அதே மேட்டர். ஒரு எழுத்து மாத்தல. "எங்களது அன்பு மகள்"னு ஆரம்பிச்சு, கீழ "தங்கள் நல்வரவை விரும்பும் தங்கப்பழம், காளீஸ்வரி"னு முடியுது. ஊர்ல எல்லாரையும் நான்தான் கூப்பிட்டிருக்கேன். என் பேர்லதான் போயிருக்கு.

அதுக்கும் கீழ மைக் படம் போட்டு ஒரு பட்டன். என் பேரை அடிச்சதால, எனக்குனே பக்கத்துல எழுதியிருந்தா. "அப்பா, வர முடியலைனா பரவாயில்ல. இதுல ஒரு வார்த்தை பேசி வைங்க. தாலி கட்டி முடிஞ்சதும் மண்டபத்துல உங்க குரலைப் போடுறோம்."

மைக் அதுக்குத்தான் கேட்டிருக்கு.

அடுப்படிக்குப் போய்க் காளீஸ்வரிகிட்ட கேட்டேன், தாலி கட்டினப்புறம் என்ன நடந்துச்சுனு. அதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னா. "மேளத்தை நிப்பாட்டச் சொன்னா. மேளக்காரருக்கு ஒண்ணும் புரியல, மாப்பிள்ளை போய்க் கையைப் பிடிச்சு நிப்பாட்டினாரு. மண்டபமே அமைதியா இருந்துச்சு. அவ போனை மைக்கு பக்கத்துல வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னா. எதுவும் வரல. அப்புறம் அவளே, சரி அடிங்கண்ணேனு சொல்லிட்டா." சொல்லிட்டு வெங்காயத்தை வாணலியில போட்டா. கரிஞ்சுடப் போகுதுனு சொன்னேன்.

திரும்ப வந்து உக்காந்து அந்தப் பட்டனை அமுக்கினேன். மைக் அனுமதி கேட்டுச்சு. "இந்த முறை மட்டும்"னு குடுத்தேன், எப்பவும் அப்படித்தான் குடுக்கணும். சிவப்பு வெளக்கு எரியுது, நேரம் ஓடுது. நல்லா இருங்கனு சொல்லணும், அவ்வளவுதான? ஊர்ல எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கேன். வாய் வரல. தலைக்கு மேல காத்தாடி சத்தம்தான் ஓடிக்கிட்டு இருக்கு. என்ன செய்யிறதுனு தெரியாம பத்திரிகையை வாசிச்சேன். பழக்கதோஷம். ப்ரூஃப் வாசிக்கிற மாதிரியே வாசிச்சேன், கமா, புள்ளி எல்லாம் சேத்து. எங்களது அன்பு மகள் திருவளர்செல்வி ஹேமப்பிரியா கமா. திருவளர்செல்வன் விமல்தாஸ் கமா. அந்தப் பையன் பேரை அன்னைக்குத்தான் முதல் தடவையா வாய்விட்டுச் சொன்னேன். அடுப்படியில கரண்டிச் சத்தம் நின்னு போச்சு. தங்கள் நல்வரவை விரும்பும் தங்கப்பழம் கமா காளீஸ்வரி புள்ளி. நிப்பாட்டினேன். "நெட் கிடைத்ததும் அனுப்பப்படும்"னு வந்துச்சு.

இல்ல, இன்னும் போகல. அந்தப் போன்லதான் நெட் கிடையாதே. சோதிக்கிற போன்ல நெட் குடுக்கக் கூடாது, நானே போர்டுல எழுதியிருக்கேன். போன் இங்கதான் இருக்கு, சட்டைப் பையில. ஆமா, கூடவேதான் வச்சிருக்கேன். சார்ஜ் எல்லாம் போட்டுத்தான் வச்சிருக்கேன்.

என்னது? உங்க போன்ல இருந்து நெட் தர்றீங்களா?

வேணாம் தம்பி. தப்பா எடுத்துக்கிடாதீங்க, நல்ல பிள்ளையாத்தான் தெரியுறீங்க. ஆனா முன்னப்பின்ன தெரியாத ஆளோட நெட்ல போனைச் சேக்கக் கூடாது. இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு வர்றேன், உங்க பேரு கூட நான் கேக்கல.